ஹைஃபாவுக்கு வரவிருக்கும் தங்கைக்கு: எபிரேயத்தை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள தங்கைக்கு,

இன்னும் இரண்டு மாதங்களில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலைக்கு வரவிருப்பதாகவும், "ஷாலோம்" என்ற ஒரு சொல்லைத் தவிர எபிரேயத்தில் வேறொன்றும் தெரியாதென்றும் எழுதியிருந்தீர்கள். எழுத்தையும் கற்க வேண்டுமா, பேச்சு மட்டும் போதுமா, ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கும் கைப்பேசிச் செயலியை நம்பலாமா, இலக்கணம் மிகக் கடினமானதா என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கு வந்து 13 ஆண்டுகள் ஆகின்றன. இதே வேலையில், முதல் நாள் முதல் இன்று வரை ஒரே பாட்டியம்மாவுடன் இருக்கிறேன். ஆகவே என் பதில் பாடநூலிலிருந்து வருவதன்று. படுக்கையறையிலும் சமையலறையிலும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் கற்றது.

எழுத்தைக் கட்டாயம் கற்றுக்கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு எபிரேயத்துக்குள் நுழையாமல், தமிழிலிருந்து நேராக நுழையுங்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் முதல் வாரத்தில் நடந்த ஒன்று.

நானும் ஒரு செயலியில் நூறு நூற்றைம்பது சொற்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன். அவற்றுள் "மஹர்" என்பதும் ஒன்று; நாளை என்று பொருள். ஒரு விடியற்காலையில் பாட்டியம்மா என்னை அழைத்து, "மஹேர், மஹேர்" என்றார். மறுநாள் மருத்துவரிடம் செல்ல வேண்டியிருந்ததால் அதைத்தான் நினைவூட்டுகிறார் என்று எண்ணி, "கென், கென், மஹர்" என்று, அதாவது ஆம், நாளைக்குத்தான் என்று, சிரித்தபடி சொல்லிவிட்டுப் போர்வையைச் சரிசெய்தேன். "மஹேர்" என்றால் விரைவாக என்று பொருள். கழிவறைக்குப் போக வேண்டும் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். படுக்கை நனைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் காலையில் அவரே என் விரல்களை எடுத்துத் தம் தொண்டையில் வைத்து, முதலில் "மஹர்" என்றும் பிறகு "மஹேர்" என்றும் சொல்லிக் காட்டினார். முன்னதில் தொண்டைக்குள் ஓர் உராய்வு விரலில் தெரிந்தது. பின்னதில் வெறும் மூச்சு மட்டுமே வந்தது.

முன்னதன் எழுத்து "ஹெத்". பின்னதன் எழுத்து "ஹே". தமிழில் எழுதிப் படித்தால் இரண்டும் "ஹ" ஆகிவிடும். அதேபோல் ப என்ற ஒரே எழுத்துக்குள் இரண்டு தனித்தனி எபிரேய ஒலிகள் ஒளிந்துகொள்ளும். "பம்பரம்" என்பதில் முதலில் வரும் ப-வின் ஒலியோடு "போ" என்றால் இங்கே என்று பொருள்; நடுவில் வரும் ப-வின் ஒலியோடு "போ" என்றால், ஆணைப் பார்த்து, வா என்று பொருள். பெண்ணைப் பார்த்து "போயி" என்பார்கள். தமிழ்க் காதுக்கு இது போகச் சொல்வதுபோல் கேட்கும். முதல் மாதத்தில் நீங்களும் ஒருமுறையாவது அறையை விட்டு வெளியேறப் பார்ப்பீர்கள். இதனால்தான் எழுத்து வேண்டும் என்கிறேன். மொத்தம் 22 எழுத்துகள் மட்டுமே. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஐந்து எழுத்துகள் சொல்லின் இறுதியில் வரும்போது வடிவம் மாறும். உயிரொலிக் குறிகளைக் குழந்தைகளின் நூல்களிலும் வழிபாட்டு நூல்களிலும் கவிதைகளிலும் இடுவார்களே தவிர, மருந்துப் பெட்டியிலோ பெயர்ப் பலகையிலோ இடுவதில்லை. மெய்களை மட்டும் பார்த்துச் சொல்லை ஊகிக்க வேண்டியிருப்பதால், முன்பே காதால் அறிந்த சொல்லையே கண்ணால் படிக்க முடியும். அச்செழுத்து வேறு, கையெழுத்து வடிவம் வேறு என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். அச்சு வடிவத்தை மட்டும் கற்றிருந்த நான், பாட்டியம்மாவின் மகள் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டிவிட்டுப் போன குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட அடையாளம் காண முடியாமல் நின்றிருக்கிறேன். கிழமைகளையும் எழுத்துகளாலேயே குறிப்பார்கள். ஞாயிறு "அலெஃப்" நாள், திங்கள் "பெத்" நாள். மருத்துவமனை நேர அட்டவணையைப் படிக்க இந்த ஒன்றே போதும்.

ஞாயிறு பள்ளியில் வேதாகமம் வாசித்து வளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஒன்றும் தெரியாது என்று சொல்லாதீர்கள். பெத்லகேம் என்பதைப் பிரித்தால் "பெய்த்" வீடு, "லெஹெம்" ரொட்டி, அப்பத்தின் வீடு. பெத்தேல், இறைவனின் வீடு. பெயெர்செபாவில் "பெயெர்" என்பது கிணறு. இந்த "பெய்த்" உங்களுக்கு நாள்தோறும் வேண்டிவரும்: "பெய்த் ஹோலிம்" நோயாளிகளின் வீடு, அதாவது மருத்துவமனை, "பெய்த் மெர்கஹத்" மருந்தகம், "பெய்த் செஃபெர்" பள்ளிக்கூடம். நாம் ரொட்டியை முன்னும் வீட்டைப் பின்னுமாகச் சொல்வோம். அவர்கள் வீட்டை முன்னால் சொல்வார்கள். தனியாக நிற்கும்போது "பாயித்" என்றிருக்கும் வீடு, இன்னொரு சொல்லைத் தாங்கும்போது "பெய்த்" என்று சுருங்கும். இந்தச் சேர்க்கை முறை பிடிபட்டால் பல புதிய சொற்களின் பொருள் தானாகவே விளங்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாம் இராஜாக்கள் பத்தாம் அதிகாரத்தில் சாலொமோனுக்குக் கப்பலில் மயில்கள் வந்ததாகப் படித்திருப்பீர்கள். மூலத்தில் அங்குள்ள சொல் "துக்கியீம்". நம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் அதனைத் தமிழின் "தோகை"யோடு தொடர்புபடுத்தினார். இன்றைய எபிரேயத்தில் "துக்கி" கிளியைக் குறிக்கிறது. மாடத்தில் பச்சைக்கிளிகள் வந்து அமரும்போதெல்லாம் பாட்டியம்மா "துக்கிம்!" என்று கூவுவார், எனக்கு ஊர் நினைவு வந்துவிடும்.

இலக்கணத்துக்கு வருகிறேன். நீங்கள் அஞ்சும் இடத்தில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். "எனக்கு ஒரு பை இருக்கிறது" என்று நாம் சொல்வதை எபிரேயமும் அப்படியே சொல்லும். "யேஷ் லி" எனக்கு இருக்கிறது. "எய்ன் லி" எனக்கு இல்லை. "கர் லி" எனக்குக் குளிர்கிறது. "ஹம் லி" எனக்குச் சுடுகிறது. "கோயெவ் லி" எனக்கு வலிக்கிறது. "லி" எனக்கு, "லாஹ்" பெண்ணைப் பார்த்து உனக்கு. ஆங்கிலம் வழியாகச் சென்றால், எனக்குக் குளிர்கிறது என்பதை "நான் குளிராக இருக்கிறேன்" என்று மாற்றிப் பிறகு எபிரேயத்துக்குத் திருப்ப வேண்டும். வழியிலேயே பொருள் கெட்டுவிடும். "அவர் மருத்துவர்" என்பதில் நமக்கு இடையில் வினை எதுவும் தேவையில்லை. அவர்களுக்கும் நிகழ்காலத்தில் தேவையில்லை. "தண்ணீர் குடித்தேன்", "தண்ணீரைக் குடித்தேன்" என்பவற்றின் வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுக்காமலே உணர்கிறோம் அல்லவா? எபிரேயத்தில் குறிப்பிட்ட ஒரு பொருளைச் செயப்படுபொருளாகச் சொல்லும்போது அதன் முன் "எத்" வரும்; நம் இரண்டாம் வேற்றுமை ஐ உருபின் வேலைதான் அது. "லகஹ்த் எத் ஹத்ரூஃபா?" என்றால் மருந்தைச் சாப்பிட்டாயா என்று பொருள். அதில் "த்ரூஃபா" மருந்து; முன்னால் ஒட்டிய "ஹ" அந்தக் குறிப்பிட்ட மருந்தைச் சுட்டுகிறது.

தமிழ் உதவாத இடம் பால் வேறுபாடு. நமக்கு மேசையும் கதவும் அஃறிணை, "அது" என்று முடித்துவிடலாம். எபிரேயத்தில் "அது" இல்லை. நாற்காலி ஆண்பால், கட்டில் பெண்பால், கதவும் பெண்பால். உடலில் இரட்டையாக அமைந்த கை, கால், கண், காது ஆகியவை பெண்பால். தலையும் முதுகும் ஆண்பால். ஆகவே தலை வலித்தால் "கோயெவ்", கை வலித்தால் "கோயெவெத்". இதைவிடப் புதியது, தன்மையிலும் பால் தெரியும் என்பது. நான் விரும்புகிறேன் என்று ஆண் சொன்னால் "அனி ரோட்ஸே". பெண் சொன்னால் "அனி ரோட்ஸா". முன்னிலையில் ஆணுக்கு "அதா", பெண்ணுக்கு "அத்". பாடநூல்கள் ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று நான்கு வடிவங்களையும் கட்டமிட்டுக் காட்டும்; தொடக்கத்தில் அந்தக் கட்டம் முழுவதையும் சுமக்காதீர்கள். நீங்களும் பெண், நீங்கள் பராமரிக்கப்போகிறவரும் பெண். பெண்பால் ஒருமையை மட்டும் வாய்க்குப் பழக்கிக்கொண்டால் வீட்டுக்குள் நடக்கும் பேச்சில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம். மற்றவை வாசலுக்கு வருகிறவர்களிடமிருந்து மெதுவாக வந்து சேரும்.

இன்னொரு வழியும் உண்டு. காலம் காட்டும் வினைவடிவங்களை ஒத்திவைத்து, "ரோட்ஸா" (விரும்புகிற), "ட்ஸ்ரிஹா" (தேவைப்படுகிற), "யெஹொலா" (இயலுகிற), "எஃப்ஷர்" (முடியுமா, கூடுமா), "அசூர்" (கூடாது) என்ற ஐந்தையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இவற்றின் பின்னால் குடிக்க, சாப்பிட, எழ, உட்கார, தூங்க என்ற நம் செயவெனெச்சம் போன்ற வடிவத்தைச் சேர்த்தால் போதும்: "லிஷ்தோத்", "லெஎஹோல்", "லகூம்", "லஷெவெத்", "லிஷோன்". "அத் ரோட்ஸா லிஷ்தோத்?" குடிக்க வேண்டுமா? "அசூர் லெஎஹோல்", சாப்பிடக் கூடாது. இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரவில் இதைக் கேட்பீர்கள்.

சொற்களைத் தனித்தனியாக அடுக்காமல் வேரோடு சேர்த்துக் கற்பதே நினைவில் நிற்கும். பெரும்பாலான சொற்களுக்குள் மூன்று மெய்யெழுத்துகள் வேராக இருக்கும். உயிரொலிகள் மாறப் பொருள் மாறும். நமக்கு இது முற்றிலும் அயலானதன்று: கெடு கேடு ஆவதையும் சுடு சூடு ஆவதையும் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோம். நம்மிடம் சிறிதளவு உள்ள அந்த முறை அவர்களிடம் மொழி முழுவதும் பரவியிருக்கிறது. "ரோஃபே" மருத்துவர், "ரோஃபா" பெண் மருத்துவர், "த்ரூஃபா" மருந்து, "மிர்பாஆ" சிகிச்சையகம், "ரெஃபுஆ ஷ்லெமா" என்பது முழு நலம் பெறுக என்ற வாழ்த்து. ஐந்தும் ஒரு குடும்பம். ஃப என்பதும் ப என்பதும் அங்கே ஒரே எழுத்தின் இரண்டு ஒலிகள் என்பதை எழுத்து கற்றவரே காண்பார்.

எண்களில் கவனமாக இருங்கள், ஏனெனில் அது மருந்தின் அளவு. எண்ணுக்கும் பால் உண்டு. மாத்திரை ஆண்பால்: "கதூர் எஹாத்" ஒன்று, "ஷ்னேய் கதூரிம்" இரண்டு, "ஷ்லோஷா கதூரிம்" மூன்று. தேக்கரண்டி பெண்பால்: "கபித் அஹத்", "ஷ்தேய் கபியோத்", "ஷலோஷ் கபியோத்". எண்ணின் பாலை மாற்றிச் சொன்னாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எண்ணையே மாற்றிவிடக் கூடாது. இருமைக்குத் தனி விகுதி உண்டு என்பதால், ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பதில் இரண்டு என்ற சொல்லே கேட்காது: "பஅமாயிம் பெயோம்". முறை, நாள் போன்ற அளவுச் சொற்களின் முடிவில் அந்த "ஆயிம்" காதில் விழுந்தால் இரண்டு என்று கொள்ளுங்கள். மருந்தைப் பற்றி எதைக் கேட்டாலும் திருப்பிச் சொல்லிக் காட்டி, எழுதியும் வாங்குங்கள்.

மரியாதைப் பன்மை இங்கில்லை என்பது தொடக்கத்தில் உங்கள் மனத்தை உறுத்தும். தொண்ணூறு வயதானவரையும் "அத்" என்றுதான் அழைக்க வேண்டும். நானும் மனம் ஒப்பாமல் சில வாரங்கள் பன்மையில் "அதெம்" என்று பேசிப் பார்த்தேன்; பாட்டியம்மா தமக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மரியாதையைக் குரலிலும் "பெவகஷா" என்ற, தயவுசெய்து எனப் பொருள்படும் சொல்லிலும் காட்டலாம்.

எபிரேயம் பல நூற்றாண்டுகள் யாருக்கும் தாய்மொழியாக இல்லாமல், வழிபாட்டிலும் எழுத்திலும் வாழ்ந்த மொழி. 1881-இல் இந்நாட்டின் யோப்பா துறைமுகத்தில் வந்திறங்கிய எலியேசர் பென் யெஹூதா தம் வீட்டில் அதை மட்டுமே பேசுவதென்று முடிவெடுத்தார். மறு ஆண்டு பிறந்த அவர் மகன் அம்மொழியைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தான். நாடு உருவான பின், குடியேறியவர்களுக்குத் தீவிரமாக மொழி கற்பிக்க "உல்பான்" எனும் வகுப்புகள் எழுந்தன. அவற்றில் முதலாவது 1949-இல் எருசலேமில் தொடங்கியது. எனவே நீங்கள் இங்கே சந்திக்கும் முதியவர்களில் பலர், உங்களைப் போலவே அந்நியராக வந்து இம்மொழியைக் கற்றவர்கள். என் பாட்டியம்மா ருமேனியாவிலிருந்து சிறுமியாக வந்தவர். என் விரலைத் தம் தொண்டையில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் முகவரிடம் இன்றே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்த அம்மா எந்த நாட்டில் பிறந்தவர், வீட்டில் எந்த மொழி பேசுகிறார்? ஹைஃபாவில் ரஷ்ய மொழி பேசும் முதியவர்கள் மிகப் பலர். ரஷ்யம் என்று பதில் வந்தால், வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, கழிவறைக்குப் போக வேண்டுமா என்ற மூன்று கேள்விகளை அந்த மொழியிலும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். எபிரேய எழுத்தை இன்று இரவே "அலெஃப்" முதல் தொடங்குங்கள். நாளுக்கு இரண்டு வீதம் எழுதினாலும் பதினொரு நாளில் முடிந்துவிடும்.

அன்புடன்,
அக்கா