கழுத்தில் துளையிட்டால் அப்பா மறுபடி பேசுவாரா?

கேள்வி: 64 வயதான என் தந்தை, கடும் நிமோனியாவால் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 9 நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவது) செய்யக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கழுத்தில் ஓட்டை போட்டால் அதோடு முடிந்தது என்கிறார் சித்தப்பா. முதல் வாரத்திலேயே செய்திருந்தால் இந்நேரம் தேறியிருப்பார் என்கிறார் அத்தை. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இருவர் சொல்வதும் சரியன்று. சித்தப்பாவின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. துளையிடப்பட்டவர்களில் கணிசமானோர் பிழைப்பதில்லை. ஆனால், பல நாட்களாகியும் வென்டிலேட்டரை விட்டு மீள முடியாத அளவுக்கு நோய் கடுமையானவர்களுக்கே அது செய்யப்படுகிறது என்பதால், அந்த மரணங்களுக்குப் பெரும்பாலும் அடிப்படை நோயே காரணம்.

அத்தையின் ஆதங்கத்துக்கு ஆய்வே விடை தருகிறது. பிரிட்டனில் 909 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2013இல் வெளியான 'டிராக்மேன்' ஆய்வில், 4 நாட்களுக்குள் துளையிடத் தீர்மானிக்கப்பட்ட பிரிவில் 30.8 சதவீதத்தினரும், 10 நாட்கள் பொறுத்துத் தேவைப்பட்டால் மட்டும் செய்வது என்ற பிரிவில் 31.5 சதவீதத்தினரும் 30 நாட்களுக்குள் இறந்தனர். வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். பொறுத்திருந்த பிரிவில் ஏறத்தாழ 45 சதவீதத்தினருக்கு மட்டுமே துளையிடப்பட்டது. ஆகவே மருத்துவர்கள் இத்தனை நாள் காத்திருந்ததைத் தாமதம் என்று நான் சொல்லமாட்டேன்.

அப்படியானால் பயன் என்ன? வாய்வழிக் குழாய் அகன்றுவிடுவதால் மயக்க மருந்தைக் குறைக்கலாம். அவர் கண் விழித்து, தலையசைத்துப் பதில் சொல்லி, சாய்ந்து உட்கார்ந்து, நாளுக்குச் சில மணி நேரமாக வென்டிலேட்டரை விட்டுப் பழகலாம். முதலில் குரல் வராது, ஏனெனில் மூச்சு குரல்நாண்களைத் தொடாமல் கழுத்து வழியே வெளியேறுகிறது. உடல் தேறியபின் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் காற்றை இறக்கி, பேச்சு வால்வைப் பொருத்தினால் பெரும்பாலோர் பேசுகிறார்கள். குழாயை எடுத்தபின் துளை பொதுவாகச் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ தானே மூடிக்கொள்ளும்.

ஆபத்துகளும் உண்டு: இரத்தக்கசிவு, சளி அடைப்பு, முதல் வாரத்தில் குழாய் நழுவுதல். குழாயை எடுத்துச் சில மாதங்கள் கழித்து மூச்சில் விசில் போன்ற ஓசை கேட்டால், மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கக்கூடும்; காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.

குழாயோடு வீடு திரும்ப நேர்ந்தால், சளி உறிஞ்சும் கருவியை இயக்கவும் குழாயைச் சுத்தம் செய்யவும் வீட்டில் இருவராவது செவிலியரிடம் பழகிக்கொண்டு வரவேண்டும். அதே அளவில் ஒன்றும் அதைவிடச் சிறிய அளவில் ஒன்றுமாக மாற்றுக் குழாய்கள் படுக்கையருகிலேயே இருக்கட்டும். 2011 டிசம்பரில் தானே புயல் வீசியபோது மின்சாரமின்றித் தவித்த கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்கருவியோடு, காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சு கருவி ஒன்றையும் வாங்கி வையுங்கள்.