ஜப்பானில் நிலநடுக்கம் வருவதற்கு முன்பே கைப்பேசி அலறுகிறதே, முன்கூட்டியே கணித்துவிடுகிறார்களா?

இல்லை. அலறும்போது நிலநடுக்கம் எங்கோ ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதன் வலுவான அதிர்வு இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நிலம் உடையும்போது இரண்டு வகை அலைகள் கிளம்பும். முதன்மை அலை நொடிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், சேதம் குறைவு. ஆட்டிப் படைக்கும் இரண்டாம் அலையின் வேகம் 4 கிலோமீட்டருக்கும் குறைவு. மையத்துக்கு அருகிலுள்ள கருவிகள் முதல் அலையைப் பிடித்ததுமே ஜப்பான் வானிலை முகமையின் கணினிகள் மையத்தையும் அளவையும் கணக்கிட்டு எச்சரிக்கை அனுப்பிவிடும். பொதுமக்களுக்கு இந்தச் சேவை 2007 அக்டோபரில் தொடங்கியது. கிடைப்பது சில நொடிகள், தொலைவில் இருந்தால் கொஞ்சம் கூடுதல். ரயிலின் வேகத்தைக் குறைக்க, மேசைக்கு அடியில் புக அது போதும். மையத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்குத்தான் பாவம், எச்சரிக்கைக்கு முன்பே அதிர்வு வந்துவிடும்.

1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு நாடு முழுக்கக் கருவிகளை அடர்த்தியாக நிறுவினார்கள். வாகனங்கள், ஆலைகளின் இரைச்சல் எட்டாதபடி, பல கருவிகள் 100 மீட்டருக்கும் ஆழமான துளைகளில் இருக்கின்றன.

அப்படியும் 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தின்போது சறுக்கல் நேர்ந்தது. முதலில் அதன் அளவை 7.9 என்று மதிப்பிட்டார்கள், உண்மையில் அது 9.0. உடைப்பு நிமிடக்கணக்கில் நீண்டதால் தொடக்கத் தரவு போதவில்லை. அதனால் முதல் சுனாமி எச்சரிக்கையில் அலை உயரமும் குறைவாகவே சொல்லப்பட்டது. அப்புறம்தான் ஜப்பான் அகழி எனும் ஆழ்கடல் பள்ளத்தை ஒட்டிக் கடலடியில் கேபிள் போட்டு 150 நிலையங்கள் அமைத்தார்கள். என் பார்வையில், எச்சரிக்கை நேரத்தைக் கூட்டியதில் இதுதான் பெரிய பாய்ச்சல்.