சவூதியில் வேலை பார்த்த உறவினர் இறந்துவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நாள் ஆகும்?

உங்கள் மாமா தம்மாமில் இறந்துவிட்டார், கம்பெனிக்காரர்கள் "பார்க்கிறோம்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 மார்ச்சில் என் சித்தப்பாவுக்கு அதே ஊரில் இதேதான் நடந்தது. ராத்திரி அறையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பெட்டி திருச்சி வந்து சேர 19 நாள் ஆனது. அதில் முதல் 9 நாள் எங்கள் வீட்டுக் காகிதங்களிலேயே போனது. அதனால் இங்கே நீங்கள் செய்ய வேண்டியதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்றே தொடங்க வேண்டியது ஒப்புதல் கடிதம். உடலை ஊருக்கு அனுப்புவதா, அங்கேயே அடக்கம் செய்வதா என்று வாரிசுகள் எழுதிக் கொடுத்தால்தான் ரியாத்தில் உள்ள நம் தூதரகம் தடையில்லாச் சான்று தரும். அது கைக்கு வராமல் அங்கே உடலை அனுப்பும் வேலை நகராது. முத்திரைத்தாளில் அடித்து, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்று வாங்க வேண்டும். அங்கே உங்கள் சார்பில் அலையப்போகிறவரின் பெயரும் இக்காமா (சவூதி குடியிருப்பு அட்டை) எண்ணும் அதில் இருக்க வேண்டும். கம்பெனியின் மந்தூப், அதாவது அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர், பெயரைப் போடலாம். நாங்கள் தூதரகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு மலையாளி சமூகப் பணியாளர் பெயரைப் போட்டோம். எங்கள் வீட்டுக்கு எந்தச் சொந்தமும் இல்லாத மனிதர், தன் வேலையை விட்டுவிட்டு நோன்பு வைத்துக்கொண்டே அலைந்தார். அப்படி ஒருவர் கிடைத்தால் அவரை நம்புங்கள்.

கையெழுத்தில்தான் நாங்கள் தடுமாறினோம். அப்பத்தாவிடம் விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தோம். பெட்டி வரும்வரைக்குமாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் இறந்தவரின் தாயும் வாரிசு. நான்காம் நாள் காலையில் அப்பா போய்ச் சொன்னார். அன்று முழுக்க அப்பத்தா எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் அவராகவே கூப்பிட்டு, "எதுல கைநாட்டு வைக்கணும், கொண்டா. பிள்ளை அங்க தனியாக் கெடக்கான்" என்றார். உங்கள் வீட்டிலும் வயதானவர்களிடம் மறைத்து வைத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் பாஸ்போர்ட். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்தபோதும் சித்தப்பா மனைவி பெயரைச் சேர்க்கவில்லை, கடைசிப் பக்கத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. சித்தி மனைவிதான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம் என்றால் அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதுவோ சவூதியிலிருந்து வர வேண்டும். கடைசியில் ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. சான்று, நோட்டரி பிரமாணப் பத்திரம் மூன்றையும் சேர்த்து அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். இதற்கே நான்கு நாள்.

அங்கே நடப்பது: ஆஸ்பத்திரி அறிக்கை, போலீஸ் அறிக்கை, இறப்புப் பதிவு, தூதரகச் சான்று, ஜவாசாத் என்ற அங்குள்ள பாஸ்போர்ட் துறையில் எக்ஸிட் (நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி), எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது), கார்கோ புக்கிங். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே வெள்ளி, சனி விடுமுறை. இங்கே சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் ஒன்றாக அலுவலகம் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். ஆகவே இங்கிருந்து போக வேண்டிய காகிதத்தை புதன்கிழமைக்குள் அனுப்பப் பாருங்கள்.

அடுத்தது செலவு. சவூதி தொழிலாளர் சட்டம் 40-வது பிரிவின்படி, உடலைத் தயார் செய்து அனுப்பும் செலவு முதலாளியுடையது. கஃபீல், அதாவது அந்த முதலாளி, இழுத்தடித்தால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் பதியுங்கள். கொடுக்க ஆளே இல்லாத நிலையில் தூதரகத்தில் சமூக நல நிதி இருக்கிறது, 2009-இல் தொடங்கியது, அதிலிருந்து உதவி கேட்கலாம். வட்டிக்கு வாங்கிப் பணம் அனுப்பாதீர்கள்.

இந்தியாவுக்குள் உடலைக் கொண்டுவர விமான நிலையச் சுகாதார அலுவலரின் அனுமதி வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அதற்கு இ-கேர் என்ற இணையதளம் இருக்கிறது. இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரகச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட்டின் நகல் நான்கும் கேட்பார்கள். புகைப்படமாகவாவது உங்கள் போனில் நான்கையும் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு அமரர் ஊர்தியைத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையே இலவசமாக ஏற்பாடு செய்கிறது. விமான எண் தெரிந்ததும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பெட்டி விமானத்தில் ஏறியது உறுதியாகும்வரை சொந்தக்காரர்களுக்கு நேரம் சொல்லாதீர்கள். எங்களுக்கு கொழும்பு வழியாக வந்தது, ஒரு நாள் தள்ளிப்போனது. பந்தல் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நாளைச் சித்தியால் தாங்க முடியவில்லை.

சம்பள பாக்கி தனி விஷயம். ஒப்புதல் கடிதத்தில் "பாக்கி எதுவும் இல்லை" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களுக்கு அந்தப் பணம் தூதரகம் வழியாக வந்துசேர ஏழு மாதம் ஆனது, ஆனால் வந்தது. மாமா போனது இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருந்ததா என்றும் பாருங்கள்; விபத்தில் இறந்திருந்தால் 10 லட்சம் கிடைக்கும்.

இப்போது மாமாவின் பாஸ்போர்ட் நகலைத் தேடி எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அத்தை பெயர் அதில் இல்லை என்றால் கீழே ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் வாசகம் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.