இடமில்லை என்கிறது கணினி, எந்த இடம்?

கேள்வி: தக்கலை அருகே ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், கோவில் கொடை, ஆலயத் திருவிழா எல்லாவற்றையும் நேரலையில் காட்டுவதுண்டு. லினக்ஸ் போட்ட மேசைக் கணினி, 8 ஜிபி ராம். ஒரு யூஎஸ்பி கேமரா நன்றாக ஓடுகிறது. இரண்டாவதைத் தொடங்கினால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று வந்து நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. கடையில் காட்டியபோது, ‘வீடியோவுக்கு மெமரி மேப்பிங் ஆகவில்லை, ராமை 16 ஜிபி ஆக்க வேண்டும், தனி டிரைவரும் வாங்கிப் போட வேண்டும்’ என்றார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ராமும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். டிரைவரை விலைக்குத் தருகிறேன் என்று சொன்ன கடைக்கு இனிப் போகவும் வேண்டாம். டிரைவர் என்பது கேமராவைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். யூஎஸ்பி கேமராவுக்கான டிரைவர் 2008இல் வெளிவந்த 2.6.26 பதிப்பிலிருந்தே லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கிறது. அதற்கு யாரும் காசு வாங்கியதில்லை. உங்கள் முதல் கேமரா அதைக் கொண்டுதான் ஓடுகிறது.

மெமரி மேப்பிங் என்ற சொல்லைச் சொல்லித்தானே பயமுறுத்தினார்கள், அதை முதலில் பார்த்துவிடுவோம். கல்யாண வீட்டு ஆக்குப்புரையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாளிகள். சமையல்காரர் சாம்பாரை வாளியில் ஊற்றுகிறார்; விளம்புகிறவர் அதே வாளியைப் பந்திக்குக் கொண்டுபோய் விளம்பிவிட்டு, காலி வாளியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார். நடுவில் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி மாற்றுவதில்லை. கேமராவின் டிரைவர் சமையல்காரர், உங்கள் நேரலை மென்பொருள் விளம்புகிறவர், பஃபர் என்பது வாளி. டிரைவர் படத்தை நிரப்பும் அதே நினைவகப் பகுதியை மென்பொருளும் நேராகப் பார்க்கும்படி முகவரி கொடுப்பதுதான் மேப்பிங். வேறு முறைகளும் உண்டு. உங்களுக்கு அவை தேவைப்படாது.

வாளி எவ்வளவு பெரியது? 1280க்கு 720 அளவுப் படத்தில், புள்ளி ஒன்றுக்கு 2 பைட் என்று வைத்தால், ஒரு படத்துக்கு 18,43,200 பைட். நான்கு வாளிக்கும் சேர்த்து ஏறத்தாழ 7 எம்பி. பத்து கேமரா வைத்தாலும் 75 எம்பியைத் தாண்டாது. 8 ஜிபி ராமுக்கு இது ஆளுக்கு ஒரு கரண்டி கூட இல்லை.

அதைவிட முக்கியமானது வரிசை. மென்பொருள் முதலில் வாளிகளைக் கேட்கும். பிறகு அவற்றை மேப்பிங் செய்யும். காலி வாளிகளை அடுக்கி வைக்கும். கடைசியாகத்தான் ‘படத்தை ஓட விடு’ என்று சொல்லும். உங்களுக்கு வந்த பிழை, இந்தக் கடைசிக் கட்டளையின்போது வருவது. அதாவது, பிழை வருவதற்கு முன்பே மேப்பிங் ஒழுங்காக முடிந்துவிட்டது! நினைவகம் உண்மையிலேயே போதாவிட்டால் ‘கேனாட் அலோகேட் மெமரி’ என்று வேறு செய்தி வரும். அதன் எண் 12; உங்களுடையது 28.

அப்படியானால் எங்கே இடமில்லை? யூஎஸ்பி வழியில். பெயரிலேயே பஸ் இருக்கிறது அல்லவா, அந்த பஸ்ஸில். யூஎஸ்பி 2.0 வழி, ஒவ்வொரு 125 மைக்ரோ விநாடிக்கும் 7,500 பைட் கொண்டுபோகும். அதில் 80 சதவீதம், அதாவது 6,000 பைட் வரைதான் முன்பதிவுக்கு உண்டு. பல கேமராக்கள், படம் சிறிதோ பெரிதோ, அதிகபட்சமான 3,072 பைட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். இரண்டு கேமராவுக்கு 6,144. வெறும் 144 பைட் குறைகிறது, இரண்டாவது கேமரா படிக்கட்டிலேயே நிற்கிறது.

இந்த உண்மை கர்னலுக்குத் தெரியாமல் இல்லை. தன் பதிவேட்டில் ‘நாட் எனஃப் பேண்ட்விட்த்’ என்று தெளிவாகவே எழுதி வைத்துக்கொள்ளும். உங்களிடம் மட்டும், வட்டு நிரம்பினால் சொல்லவேண்டிய வாக்கியத்தையே சொல்லும். யூஎஸ்பியில் இந்தப் பிழைக்கு இப்படியும் பொருள் உண்டு என்று கர்னலின் ஆவணத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டா ஒருவர் தாலி கட்டுகிற நேரத்தில் கேமராவைத் தொடங்குவார்? இத்தனை ஆண்டுகளில் அந்தச் செய்தியை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் குழப்பத்தில்தான் கடைகள் ராம் விற்கின்றன.

செய்ய வேண்டியது இது. சில நூறு ரூபாய்க்கு, கணினிக்குள் செருகும் யூஎஸ்பி கார்டு ஒன்று வாங்குங்கள். அது தனி பஸ். ஒரு கேமராவைக் கார்டிலும் மற்றொன்றைக் கணினியின் சொந்தப் போர்ட்டிலும் மாட்டுங்கள். இரண்டையும் கார்டிலேயே மாட்டினால் பழைய கதைதான். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் யூஎஸ்பி ஹப் வாங்காதீர்கள். தனி மின்சாரம் உள்ள ஹப்பும் மின்சாரத்தைத்தான் கூட்டும், இருக்கையைக் கூட்டாது. யூஎஸ்பி 3.0க்கான நீல நிறப் போர்ட்டும் காப்பாற்றாது: 2.0 கேமரா அதிலும் 2.0 கம்பிகளில்தான் போகும். பெரிய கேமராவின் படத்தை யூஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேப்சர் குச்சிகள் விஷயத்தில் இன்னும் மோசம். செருகியின் நாக்கை நீலமாக்கி, அட்டையில் 4கே என்று அச்சடித்து விற்கிறார்கள். உள்ளே பலவும் 2.0தான். வாங்குமுன் கடையிலேயே லினக்ஸ் கணினியில் செருகி, ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையோடு ‘டி’ குறியைச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். 480 என்று காட்டினால் 2.0, 5000 என்றால் 3.0. காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கணினி தெரிந்த மருமகனோ நண்பரோ, ‘காசே வேண்டாம், டிரைவருக்கு 128 என்ற குவிர்க்ஸ் எண்ணைக் கொடுத்தால் போதும்’ என்பார். பொய்யில்லை. கேமரா கேட்கும் இடத்தை நம்பாமல், படத்தின் நீளம், அகலம், விநாடிக்கு எத்தனை படம் என்பதைப் பெருக்கி டிரைவரே கணக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லும் எண் அது. ஆனால் சுருக்காத படத்துக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். நேரலை மென்பொருளின் பட வகைப் பட்டியலில் ஒய்யூஒய்வி என்று இருப்பது சுருக்காதது. எம்ஜேபெக் என்றால் சுருக்கியது. அதில் ஒரு படம் எத்தனை பைட் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெள்ளைச் சுவரைக் காட்டினால் சிறிதாக வரும். முக்கடலின் அலையைக் காட்டினால் பெருக்கும். அதனால் எம்ஜேபெக்கில் டிரைவர் கேமராவின் பேச்சைத்தான் கேட்டாக வேண்டும், 128 அங்கே செல்லாது. நேரலை மென்பொருளில் எம்ஜேபெக்கை வைத்துக்கொண்டு 128ஐப் போட்டுவிட்டு ‘பலிக்கவில்லை’ என்று என்னிடம் வருகிறவர்கள் அதிகம். 128ஐப் போட்டால் ஒய்யூஒய்வி, 640க்கு 480, விநாடிக்கு 30 படம் என்று வையுங்கள். பெரும்பாலும் இரண்டு கேமராவும் ஏறிவிடும். 720 உயரத்துக்கு ஆசைப்பட்டால் விநாடிக்கு 10 படம்தான். நாதஸ்வரக்காரரின் விரல்கள் குதித்துக் குதித்துப் போகும்.

எது செய்தாலும் முந்தின நாள் வீட்டிலேயே இரண்டு கேமராவையும் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். மண்டபத்தில் மூன்றாவது கேமராவைப் புதிதாக மாட்டிச் சோதிக்காதீர்கள். அதற்கு இன்னொரு கார்டு வேண்டும்.