எம்.ஜி.பி. காரின் வைப்பர் கோளாறுகள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார்களின் வைப்பர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். தொடக்க காலக் கார்களில் இருப்பது லூகாஸ் நிறுவனத்தின் டி.ஆர்.3ஏ என்னும் ஒற்றை வேக மோட்டார்; 1968 மாடல் முதல் வந்தது 14டபிள்யூ என்னும் இரட்டை வேக மோட்டார். முன்னதில் சுவிட்ச் எர்த் பக்கம் (மின்சாரம் காரின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) இருக்கிறது, பின்னதில் மின்சாரம் வரும் பக்கம் இருக்கிறது. ஆகவே உங்கள் காரில் எது உள்ளது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: 1964 மாடல். வைப்பர் அசையவே இல்லை. மோட்டார் எரிந்துவிட்டதா?

பெட்ரோல் மீட்டர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இவை எல்லாம் வைப்பருடன் ஒரே பச்சை வயர்ச் சுற்றில், ஒரே ஃபியூஸின் கீழ் இருப்பவை. அவையும் செத்திருந்தால் மோட்டாரின் மேல் குற்றம் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தும் மின்சாரம் வராவிட்டால், அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கிளிப்புகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துவிட்டு மீண்டும் முயலுங்கள். ஒரு எச்சரிக்கை: லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் உள்ள 35 ஆம்பியர் என்பது அது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அந்த எண்ணை நம்பி இக்காலத்து 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

கேள்வி: அதே காலத்துக் கார்தான். சாவியைத் திருப்பியதுமே வைப்பர் ஓடத் தொடங்குகிறது. சுவிட்சோ அணைந்தே இருக்கிறது.

டி.ஆர்.3ஏ மோட்டாருக்கு, சாவி திறந்திருக்கும் வரை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். டாஷ்போர்டு சுவிட்ச் செய்வதெல்லாம் எர்த்தை இணைப்பது மட்டுமே. ஆகவே அந்தச் சுவிட்ச் வயர் எங்கேனும் தகட்டில் உராய்ந்து தோல் உரிந்திருந்தால், காரின் உடலே சுவிட்ச் ஆகிவிடுகிறது. மோட்டாரிலிருந்து அந்த வயரை மட்டும் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வைப்பர் தன் இடத்துக்கு வந்து நின்றால் வயரிலோ சுவிட்சிலோ கோளாறு. அப்போதும் நிற்காமல் ஓடினால், மோட்டாரோடு ஒட்டிய சிறு கியர்பெட்டியின் மூடிக்குள் இருக்கும், வைப்பரை அதன் இருப்பிடத்தில் நிறுத்தும் பார்க்கிங் தொடுப்பு விடுபடாமல் இருக்கிறது என்று பொருள். நிற்கிறது, ஆனால் தவறான இடத்தில் நிற்கிறது என்றால், மூடியின் திருகாணிகளைத் தளர்த்தி, நடுவிலுள்ள குமிழை இம்மி இம்மியாகத் திருப்பிச் சோதித்தால் போதும்.

கேள்வி: மழையில் வைப்பர் ஊர்கிறது. மோட்டாரை மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். நான் மாற்றி ஏமாந்தவன். புது மோட்டாரைப் பொருத்திய மறுவாரமே அதுவும் ஊர்ந்தது. பிறகுதான், மோட்டாரின் அசைவை வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோகும், குழாய்க்குள் ஓடும் பல் கேபிளை உருவிப் பார்த்தேன். பல் இடுக்குகளில் பழைய கிரீஸ் காய்ந்த வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் சிம்பு சிம்பாக உதிர்ந்தது. வைப்பர் கைகளைக் கழற்றி, கியர்பெட்டி மூடியைத் திறந்து, கேபிளை விடுவித்து, ஒரு தூக்குத் தராசைக் கோத்து இழுங்கள். 2.7 கிலோவுக்கு மேல் விசை கேட்டால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் இதையே சொல்லும்: டி.ஆர்.3ஏ சுமையின்றி ஓடும்போது 2.7 முதல் 3.4 ஆம்பியர் வரை இழுக்கும். அப்படியே சிக்கி நின்றுவிட்டால் 13 முதல் 15 ஆம்பியர்.

கேபிள் தாராளமாக ஓடினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். மோட்டார் ரப்பர் மேல் அமர்ந்திருப்பதால் திருகாணி வழியாக எர்த் கிடைக்கும் என்று எண்ணக் கூடாது. தனி எர்த் வயர் வேண்டும். வைப்பரை ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் முனையிலும் மற்றதை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் இடையில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியை நனைத்துவிட்டே இதைச் செய்யுங்கள். உலர்ந்த கண்ணாடியில் எடுக்கும் அளவை நம்ப முடியாது.

கேள்வி: 1971 மாடல். மெது வேகம் உண்டு, அதிவேகம் இல்லை.

14டபிள்யூவில் மூன்று பிரஷ்கள் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) உண்டு; மூன்றாவது பிரஷ் அதிவேகத்துக்கு மட்டும் பயன்படுவது. ஐந்து முனைப் பிளக்கைக் கழற்றி, மோட்டார் பக்கத்தில் கறுப்பு வயருக்கு உரிய முனைக்கு எர்த்தும், நீலமும் இளம்பச்சையும் கலந்த வயருக்கு உரிய முனைக்கு 12 வோல்ட்டும் நேரடியாகக் கொடுங்கள். வேகமாக ஓடினால் டாஷ்போர்டு சுவிட்சையும் வயரையும் பாருங்கள். ஓடாவிட்டால் பிரஷ்தான். மூன்றாவது பிரஷின் நுனி மெலிந்திருக்கும். அந்த மெலிந்த பகுதி முழுவதும் தேய்ந்து அகலப் பகுதி காமுடேட்டரை (பிரஷ்கள் உரசும் செம்பு உருளையை) தொட்டுவிட்டால், அல்லது மற்ற இரண்டும் 4.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: இரட்டை வேக மோட்டார். அணைத்தாலும் நிற்காமல் வீசிக்கொண்டே இருக்கிறது.

அணைத்த பிறகும் பார்க்கிங் சுவிட்ச், கைகள் இருப்பிடம் சேரும்வரை மின்சாரம் கொடுத்துவிட்டு, அங்கே மோட்டாரின் முனையை எர்த்துடன் இணைத்து அதைச் சட்டென்று பிடித்து நிறுத்துகிறது. அந்த எர்த் தொடுப்பு அழுக்கேறிவிட்டால் பிரேக் பிடிப்பதில்லை. மோட்டார் ஓடிய வேகத்தில் இருப்பிடத்தைத் தாண்டுகிறது, மீண்டும் மின்சாரம் கிடைக்கிறது, மறுபடி ஒரு சுற்று. மாறாக, அணைத்த இடத்திலேயே பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டால், பச்சை வயரோ, பழுப்பும் இளம்பச்சையும் கலந்த வயரோ அறுந்திருக்கிறது.

கேள்வி: நேர்முனை எர்த் கொண்ட, அதாவது பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்த, 1966 காரை எதிர்முனைக்கு மாற்றினேன். வைப்பர் தலைகீழாகச் சுற்றுமா?

சுற்றாது. டி.ஆர்.3ஏவில் காந்தப்புலமும் கம்பிச்சுருளால் உண்டாவதால், முனைகளை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறி, சுழலும் திசை பழையபடியே இருக்கும். நிலைக்காந்தம் கொண்ட 14டபிள்யூவாக இருந்தால்தான் திசை மாறும்.