ஃபொக்காச்சா: நெல்லை வெயிலுக்கு ஏற்ற பக்குவம் (கேள்வி பதில்)

பாளையங்கோட்டை வீட்டில் நான் ஃபொக்காச்சா என்ற இத்தாலியத் தட்டை ரொட்டியைச் சுடத் தொடங்கியது ஒரு சித்திரை மாதம். முதல் மூன்று முறையும் மாவு வீணாயிற்று. செய்முறை சரியாகத்தான் இருந்தது. அதில் எழுதியிருந்த நேரம் நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தவில்லை. இன்று வந்த கேள்விகளில் பாதிக்கு அதுவே பதில்.

முதலில் என் அளவு: மைதா 500 கிராம், தண்ணீர் 375 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. தட்டுக்கும் மேலே ஊற்றவும் எண்ணெய் தனி.

அண்ணாச்சி, இதுவும் பீட்சாவும் ஒன்றுதானே?

பங்காளிகள் என்று சொல்லலாம். பீட்சாவில் மேலே பரப்புவதற்கு மதிப்பு. இதில் ரொட்டிக்கே மதிப்பு. லத்தீனில் ‘ஃபோகஸ்’ என்றால் அடுப்பு. பெயர் அதிலிருந்து வந்தது. இத்தாலியில் லிகூரியா கடற்கரையும் அதன் தலைநகரான ஜெனோவாவும் இதற்குப் பேர்போனவை. அங்கே காலைக் காபியில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

இரண்டு மணி நேரம் ஊறவிடச் சொல்லியிருந்தார்கள். ஒன்றரை மணிக்குள் மாவு பொங்கி வழிந்து, அமுங்கி, கள் வாடை அடித்தது. ஈஸ்ட் கெட்டதா? (அம்பாசமுத்திரத்திலிருந்து)

ஈஸ்ட் கெட்டிருந்தால் மாவு பொங்கியே இருக்காது, அம்மா. அந்தச் செய்முறையை எழுதியவரின் சமையலறையில் 22 டிகிரி இருந்திருக்கும். சித்திரை, வைகாசியில் நம் அடுக்களை 34, 35 டிகிரி. அந்தச் சூட்டில் ஈஸ்ட் இரு மடங்கு வேகத்தில் வேலை செய்யும். தோசை மாவை நினைத்துப் பாருங்கள்: மார்கழியில் விடிந்தும் பொங்காத மாவு, அக்னி நட்சத்திரத்தில் படுக்கப் போகும் முன்பே மூடியைத் தள்ளிவிடும். அதற்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. இதற்கும் பார்க்க வேண்டாம். மாவு இரு மடங்கானதா என்று மட்டும் பாருங்கள்.

கோடையில் மூன்று மாற்றம் செய்யுங்கள். ஈஸ்டைப் பாதியாகக் குறையுங்கள். ‘வெதுவெதுப்பான நீர்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வருவதே மதியத்தில் வெந்நீர்தான். மண்பானைத் தண்ணீரோ, ஃபிரிட்ஜ் தண்ணீரோ ஊற்றுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: இரவு எட்டு மணிக்கு மாவைக் கலந்து, அரை மணி வெளியே வைத்துவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். 12 முதல் 16 மணி நேரம் அது பொறுமையாகப் புளிக்கும். குளிரில் மெல்லப் புளித்த மாவின் மணத்தை அவசரமாகப் பொங்கியது ஒருநாளும் தராது. சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டையும் இறுக மூடி ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

மாவு கையில் அப்படியே ஒட்டுகிறது. இன்னும் மைதா சேர்க்கலாமா?

தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்த ஈரம்தான் உள்ளே பெரிய கண்களாக மாறுகிறது. நம் பரோட்டா மாஸ்டர்கள் உருண்டைகளை எண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய்க் கையோடு வீசுகிறார்களே, அதையே செய்யுங்கள். பிசையவும் தேவையில்லை. கையை நனைத்து, பாத்திரத்திலேயே மாவின் ஓரத்தை இழுத்து நடுவில் மடியுங்கள். நாலு பக்கமும் ஒருமுறை. கால் மணி இடைவெளியில் மூன்று முறை செய்தால் கூழாக இருந்தது ரப்பர் போல இழுபடும். கோடையில் எட்டரைக்குள் மாவு உள்ளே போக வேண்டும். மீதி மடிப்பை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மடித்து, திரும்ப வையுங்கள்.

மேலே தூவும் ரோஸ்மேரி இலை இங்கே கிடைப்பதில்லை. என்ன போடலாம்? (வள்ளியூரிலிருந்து)

காய்ந்த ரோஸ்மேரி பெரிய கடைகளில் கிடைக்கும். எண்ணெயில் ஊறவைத்துத் தூவுங்கள், இல்லையென்றால் கருகும். ஆனால் உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே கற்பூரவல்லி இருக்குமே! ஆரிகானோவுக்கு மணம் தரும் கார்வக்ரால், தைமால் இரண்டும் அதிலும் இருக்கின்றன. இலை தடிப்பானது, நீர் விடும். பொடியாக நறுக்கி, எண்ணெயில் பிரட்டி, ஒரு தட்டுக்கு நாலைந்து இலை போதும். தைம் இலைக்குப் பதில் ஒரு சிட்டிகை ஓமத்தைக் கசக்கிப் போடலாம். இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள்: திருநீற்றுப்பச்சிலையும் இத்தாலியர்களின் பேசிலும் ஒரே செடி இனம். நம்முடையதன் வாசம் சற்றுக் காரம். அதை வெந்த பிறகுதான் மேலே போட வேண்டும்.

எனக்குப் பிடித்தது சின்ன வெங்காயத்தை மெல்லியதாகச் சீவி, கற்பூரவல்லியோடு பரப்பியது.

நல்லெண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம். நல்லெண்ணெயின் வாசம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். ஆலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மாவுக்குள் கடலை எண்ணெய் சேர்த்து, ஆலிவை மேலே மட்டும் ஊற்றுங்கள். அங்கேதான் நாக்கு அதை உணரும்.

உங்கள் ரொட்டியின் குழிகளில் மட்டும் ஈரமாக, உப்பாக இருந்ததே, எப்படி?

நல்ல கண் உங்களுக்கு. அது ஜெனோவாக்காரர்களின் வழக்கம். 60 மில்லி தண்ணீர், 3 கிராம் உப்பு, 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் மூன்றையும் கலக்கி, மாவைத் தட்டில் பரப்பி அது உப்பிய பிறகு மேலே ஊற்றிவிட்டு, எண்ணெய் தொட்ட விரல்களால் அடி வரை அழுத்துங்கள். தண்ணீர் தேங்குகிறதே என்று பயப்பட வேண்டாம். சூட்டில் அது ஆவியாகி, உப்பும் எண்ணெயும் குழியில் தங்கும். மேலே தூவத் தூத்துக்குடிக் கல்லுப்பை ஒன்றிரண்டாக நுணுக்கிக்கொள்ளுங்கள்.

ஓடிஜி (ரொட்டி சுடும் மின் அடுப்பு) இல்லை. தோசைக்கல்லில் வருமா?

இரும்புச் சட்டியில் வரும். பாதி மாவு போதும். அடியில் தாராளமாக எண்ணெய், கனமான மூடி, சிறு தீ, பன்னிரண்டு நிமிடம். பிறகு திருப்பிப் போட்டு ஐந்து நிமிடம். உப்புநீரை ஊற்ற வேண்டாம், ரொட்டியைத் திருப்பிய பிறகு இலைகளைத் தூவுங்கள். மேல்புறம் ஓடிஜியில் சுட்டதுபோல் வராது என்றாலும் அடி மொறுமொறுப்பாக அருமையாக இருக்கும்.

ஓடிஜி உள்ளவர்கள் 230 டிகிரியில் இருபது நிமிடம் காயவிட்டு, தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். வெந்ததும் உடனே கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். தட்டிலேயே விட்டால் அடி வியர்த்து நமத்துவிடும்.

கோதுமை மாவில்?

கால் பங்கு வரை சேர்க்கலாம், தண்ணீர் ஒரு கை கூட. முழுதும் கோதுமை என்றால் தவிடு மாவைப் பிணைக்கும் பசையை அறுத்துவிடும், ரொட்டி கனத்துப்போகும்.

மறுநாளைக்கு வைக்கலாமா, அண்ணாச்சி?

அன்றே தின்பது உத்தமம். மிஞ்சினால் துணியில் சுற்றி வைத்து, மறுநாள் காலை காய்ந்த தோசைக்கல்லில் அடிப்பக்கம் படும்படி இரண்டு நிமிடம் போடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு மிளகாய்ப் பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்கிறோம்.