எனக்கு ஏன் அதிகம்?

அன்புள்ள சார்,

என் மகளுக்கு ஒன்றரை வயது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் தன் கையிலிருக்கும் பிஸ்கட்டைக் கொண்டுபோய் நீட்டுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு மாதக் குழந்தைகூட நல்லவனைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று அமெரிக்காவில் நிரூபித்திருக்கிறார்களாமே? அறம் என்பது பிறவியிலேயே எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறதென்றால் நீதிபோதனை வகுப்பெல்லாம் எதற்கு? பிள்ளைகளைக் கெடுக்காமல் விட்டாலே போதாதா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

மகளுக்கு என் முத்தங்கள். அவள் பிஸ்கட் நீட்டுவது அழகு. அதைப் போய் ஆதாரமாக்காதீர்கள். அதே கை நாளைக்கு அதே குழந்தையின் முடியைப் பிடித்து இழுக்கும். அதையும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் சொல்வது யேல் பல்கலைக்கழகத்தின் 2007 ஆய்வு. கண் ஒட்டிய மரத்துண்டு ஒன்று மேடேறப் பார்க்கிறது. ஒரு துண்டு கீழிருந்து தள்ளி உதவுகிறது, இன்னொன்று மேலிருந்து தடுக்கிறது. பிறகு இரண்டையும் நீட்டினால், ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரும் உதவிய துண்டையே எடுத்தார்கள். பன்னிரண்டு பேரை வைத்து மனித குலத்துக்கே நற்சான்றிதழா? பின்னர் 37 ஆய்வகங்கள் சேர்ந்து, ஆயிரம் குழந்தைகளுக்கு மேல் அழைத்து, அதே காட்சியை வீடியோவாகக் காட்டிப் பார்த்தன. 2024-இல் முடிவு வந்தது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. காசு சுண்டினாலும் அதுதான் வரும். முதல் ஆய்வைச் செய்த கைலி ஹாம்லினும் இந்தக் குழுவில் இருந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நீங்கள் 2007-லேயே நின்றுவிட்டீர்கள்.

சில நாட்களாக என் மண்டையைக் குடைவது வேறோர் ஆய்வு, 2015-இல் வந்தது. இந்தியா, கனடா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா என ஏழு நாடுகள். 4 முதல் 15 வயதுப் பிள்ளைகள். இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து ஆளுக்கொரு பங்கு மிட்டாய் வைப்பார்கள். ஒரு பிள்ளையிடம்தான் கைப்பிடி. பச்சையை இழுத்தால் அவரவர் பங்கு அவரவருக்கு, சிவப்பை இழுத்தால் இருவருக்குமே இல்லை. தனக்கு ஒன்று, எதிராளிக்கு நாலு என்றால், வயது முன்னேபின்னே இருந்தாலும் ஏழு நாட்டுப் பிள்ளைகளும் சிவப்பை இழுத்தார்கள். எனக்கு இல்லாவிட்டாலும் சரி, உனக்குப் போகக் கூடாது! தனக்கு நாலு, எதிராளிக்கு ஒன்று என்றபோது? மறுக்கும் போக்கு மூன்று நாடுகளில்தான் தெரிந்தது: கனடா, அமெரிக்கா, உகாண்டா. அங்கேயும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம்தான்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தாத்தா வீட்டில் அப்பாயி அதிரசம் பங்கு வைக்கும்போது பேரப்பிள்ளைகள் எங்கள் கண்ணெல்லாம் தராசு. விண்டுபோனது யார் பங்கில் விழுந்தாலும் வீடு ரெண்டுபடும். அதே நேரம் கொல்லைப்பக்கம் வயலாட்கள் குனிந்து கையைக் குவித்து நிற்பார்கள். அப்பாயி செம்பை உயரத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார். வாய் வழியாகப் பாதி, முழங்கை வழியாகப் பாதி ஒழுகும். நாங்கள் அதைத் தாண்டித்தான் விளையாட ஓடுவோம். ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த அத்தை ஒரு லீவில் வந்தபோது, “ஏம்மா, ஒரு டம்ளர்ல குடுத்தா என்ன?” என்று கேட்டார். தாத்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அப்பாயி அத்தையோடு ரெண்டு நாள் பேசவில்லை.

இத்தனைக்கும் அப்பாயி பசியென்று வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியவரில்லை. அந்த இரக்கம் பிறவியில் வந்ததாகவே இருக்கட்டும். டம்ளர் அப்படி வராது. அத்தைக்கு அது எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பானையில் மொண்டு குடித்த ஹாஸ்டலில் வந்தது.

‘எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, சும்மா விடுங்கள்’ என்பது யாருக்கு வசதி, யோசித்தீர்களா? நாலு மிட்டாய்க்காரனுக்கு. சும்மா விட்டால் அவன் பச்சையை இழுத்துக்கொண்டே இருப்பான். உங்கள் மகள் எந்தப் பக்கம் உட்காரப்போகிறாள் என்பது உங்களுக்கே தெரியும்.

உலகப் பொது அறம் பற்றி வாதாட எனக்குப் பொறுமையில்லை. கொலை தப்பு என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். யாரைக் கொன்றால் கொலை என்பதில்தான் சண்டையே.

அப்புறம், நீதிபோதனை வகுப்பு. எங்கள் பள்ளியில் அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டுவிடுவார். அதனால் அதில் என்ன நடக்கும் என்றே எனக்குத் தெரியாது.